கணக்கை யார் மூடுவது?

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "பாஸ்வேர்ட் ரீசெட் பண்ற வேலை" என்று சொல்லிவிடுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும், எனக்கும் நிம்மதி. உண்மையில் நான் பார்ப்பது ஒரு பெரிய நிறுவனத்தின் பயனர் கணக்குகளை. யாருக்குக் கணக்கு உண்டு, அது எதையெல்லாம் திறக்கும், எப்போது அதை மூட வேண்டும் என்பதுதான் என் மேசைக்கு வரும் விஷயம். ரீசெட் அதில் ஒரு சின்னத் துண்டு, அதுவும் இப்போது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடுகிறது.

பாஸ்வேர்ட் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். கணக்கைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பாஸ்வேர்ட் பக்கம் இருந்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது, செய்ய மனம் வர வேண்டும், அவ்வளவுதான். கணக்குப் பக்கம் அப்படி இல்லை. இது யாருடையது, அவர் இன்னும் இங்கே இருக்கிறாரா, இருந்தாலும் இது அவருக்கு இன்னும் தேவையா என்று கேட்டால் எந்த மென்பொருளும் தானாகப் பதில் சொல்லாது. ஒரு மனிதர் சொல்ல வேண்டும். அந்த மனிதர் யார் என்பதில்தான் சண்டையே.

கணினிக்குப் பாஸ்வேர்ட் வந்த கதையிலேயே இது தெரிகிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையை உருவாக்கினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஆளுக்குத் தனிக் கோப்புகள், ஆளுக்கு இத்தனை மணி என்று ஒதுக்கீடு. யாருடைய நேரம் கழிகிறது என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஆளுக்கொரு பாஸ்வேர்ட். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கிடைத்தது, அது அவருக்குப் போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாஸ்வேர்ட் கோப்பை அச்சடிக்கச் சொல்லி கணினிக்கே வேண்டுகோள் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை விடிகாலையில் போய் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார். ரொம்ப வருடம் கழித்து அவரே இதைச் சொன்னார்.

அதே கணினியில் 1966இல் இன்னொன்று நடந்தது. லாகின் செய்கிறவர்களுக்கு வரும் அன்றைய அறிவிப்பை ஒரு நிர்வாகியும் பாஸ்வேர்ட் கோப்பை இன்னொரு நிர்வாகியும் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். திருத்தப் பயன்பட்ட எடிட்டர் நிரல் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை வைத்துக்கொண்டதால் இரண்டும் இடம் மாறிப்போயின. லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய பாஸ்வேர்டும் டெர்மினலில் வரிசையாக அச்சாகி வந்தது. முறையான கணக்கு உள்ள ஒருவரே குறுக்குவழியில் போனது ஒன்று, நிர்வாகிகள் தெரியாமல் கொட்டிக் கவிழ்த்தது இன்னொன்று. இன்றும் என் மேசைக்கு வருகிற சம்பவங்களில் பாதி இந்த இரண்டு வகைதான்.

பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காமல், திரும்பப் பிரிக்க முடியாதபடி ஹாஷாக மாற்றி வைக்க வேண்டும் என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதைச் செய்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் எழுதிய கட்டுரையை நான் புதிதாக வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுப்பேன். சில பக்கங்கள்தான். அவர்கள் சேகரித்த 3,289 பாஸ்வேர்டுகளில் 86 சதவீதம் மிகச் சிறியவை அல்லது அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ கிடைப்பவை. அதே கட்டுரையில்தான் சால்ட் வருகிறது. ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து ஹாஷ் செய்தால், இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தாலும் கோப்பில் வேறு வேறாகத் தெரியும். அப்போது அதற்கு 12 பிட், அதாவது 4,096 வாய்ப்புகள்.

இது 1979. லிங்க்ட்இன் தளத்திலிருந்து 2012இல் ஹாஷ்கள் வெளியே வந்தபோது அவற்றில் சால்ட் இல்லை. முதலில் 65 லட்சம் என்றார்கள், 2016இல் அதே திருட்டைச் சேர்ந்த 11.7 கோடிக் கணக்குகள் விற்பனைக்கு வந்தன. விடை தெரியாததால் நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது.

பழைய ஹாஷ்களின் கதி என்ன ஆகும் என்பதற்கு கென் தாம்ப்சனுடைய பாஸ்வேர்டே சாட்சி. யூனிக்ஸின் ஒரு வகையான பி.எஸ்.டி.யின் பழைய மூலநிரலோடு அந்தக் காலத்துப் பாஸ்வேர்ட் கோப்பும் வெளியே கிடந்தது. மற்றவர்களுடையவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக உடைந்தபின்பும் அவருடையது நின்றது. 2019இல் ஒருவர் கிராஃபிக்ஸ் கார்டை நாள் கணக்கில் ஓடவிட்டு அதையும் உடைத்தார். சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவதை, பழைய முறையில் எட்டு எழுத்தில் எழுதியிருந்தார் மனுஷர். பலமான பாஸ்வேர்ட் நாற்பது வருடம் தாங்கியது என்று ஒருவர் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு. ஹாஷ் கோப்பு ஒருமுறை வெளியே போனால் அதைத் திரும்ப வாங்க முடியாது, கணினி வேகமாகிக்கொண்டே போகும், காத்திருப்பவர் காத்திருந்தால் போதும். அதனால்தான் 1999இல் வந்த பிகிரிப்ட் மாதிரியான முறைகளில், ஹாஷ் போட எவ்வளவு உழைப்பு ஆக வேண்டும் என்பதையே கூட்டிக்கொண்டு போக வழி வைத்தார்கள்.

இங்கே தமிழில் தட்டச்சு செய்கிற நமக்கான ஒரு விஷயம். பிகிரிப்ட் வழக்கமாக முதல் 72 பைட்டுகளை மட்டும்தான் பார்க்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு அது தாராளம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். "கி" என்றால் க ஒன்று, அதன் உயிர்க்குறி ஒன்று, ஆறு பைட். 72 என்பது 24 குறியீட்டோடு முடிந்துவிடும். நீளமான தமிழ் வாக்கியத்தைப் பாஸ்வேர்டாக வைத்து, கடைசியில் ஒரு சொல்லை மாற்றிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், சில தளங்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இன்னொன்றும் உண்டு: "கொ" என்பதில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தளம் அதைச் சீராக்காமல் ஹாஷ் போட்டால், வீட்டுக் கணினியில் வேலை செய்த பாஸ்வேர்ட் போனில் செய்யாது. "நான் சரியாத்தான் அடிச்சேன்" என்று சொல்கிறவர் உண்மையிலேயே சரியாக அடித்திருக்கலாம்.

சரி, விதிகளுக்கு வருவோம். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று, 90 நாளுக்கொரு முறை மாற்றம். இந்த விதிகள் பரவியதில் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்புக்காக பில் பர் 2003இல் எழுதிய ஆவணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2017இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தாம் அப்போது சொன்னவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக அவரே சொன்னார். அதே வருடம் நிஸ்ட் புது வழிகாட்டியை வெளியிட்டது: திருட்டுப்போனதாகத் தெரிந்தாலொழிய மாற்றச் சொல்லாதே, இந்த எழுத்து அந்தக் குறி என்று கட்டாயப்படுத்தாதே, நீளத்துக்கு இடம் கொடு, ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்.

நாள் வைத்து மாற்றச் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள். மாதத்தின் பெயரை மாற்றுவார்கள். ஆச்சரியக்குறியை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோவார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2010இல் இதை அளந்தே பார்த்தார்கள். 7,700க்கும் மேற்பட்ட பழைய கணக்குகளை எடுத்துக்கொண்டு, ஒருவருடைய முந்தைய பாஸ்வேர்ட் தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்தார்கள். ஹாஷ் கையில் இருந்தால், 41 சதவீதம் மூன்று வினாடிக்குள் விழுந்தன.

இந்த 90 நாள் விதியை எடுக்க நான் பட்ட பாட்டில் தொழில்நுட்பம் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் வேலை. ஆடிட்டரோடு பேசியதுதான் பெரிய வேலை. அவர் நல்ல மனிதர், கையில் ஒரு பட்டியல், பட்டியலில் ஒரு கட்டம்.

"மேடம், 90 நாள் எங்கே இருக்கு?"

"எடுத்துட்டோம் சார்."

"அது இருக்கணுமே."

வழிகாட்டியைக் காட்டினேன். படித்தார். தலையாட்டினார். "நீங்க சொல்றது சரிதான், ஆனா என் பட்டியல்ல இந்தக் கட்டம் இருக்கே" என்றார். அது அவருடைய தப்பும் இல்லை, அந்தப் பட்டியலை எழுதியவர் வேறு எங்கோ இருக்கிறார். கடைசியில், கசிந்த பட்டியலோடு ஒப்பிடுவதையும் இரண்டாம் அடையாளச் சோதனையையும் மாற்று ஏற்பாடு என்று எழுதிக் கட்டத்தை நிரப்பினோம். அடுத்த வருடம் வேறு ஆடிட்டர் வந்தார், அதே பேச்சு மறுபடியும். 2025இல் நிஸ்ட் தன் வாசகத்தை இன்னும் இறுக்கி, நாள் வைத்து மாற்றச் சொல்லவே கூடாது என்று எழுதியபிறகுதான் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

கசிந்த பட்டியலோடு ஒப்பிடுவது என்றால் எங்கள் பாஸ்வேர்டை வெளியே யாருக்கோ அனுப்புவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கசிந்த பாஸ்வேர்டுகளைத் தொகுத்து வைத்து டிராய் ஹன்ட் என்பவர் நடத்தும் சேவையில் இதற்கு அழகான ஏற்பாடு இருக்கிறது. பாஸ்வேர்டுக்கு ஷா-1 என்ற முறையில் போட்ட ஹாஷில் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்பினால், அதே ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்களையெல்லாம் அது திருப்பி அனுப்பும். நம்முடையது அதில் இருக்கிறதா என்று நம் கணினியே பார்த்துக்கொள்ளும். எதைத் தேடினோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இதைப் போட்ட முதல் வாரம் ஹெல்ப்டெஸ்க்குக்கு வந்த புகார் ஒன்று: "என் பாஸ்வேர்ட் கசிஞ்சதுன்னு சொல்றீங்க, நான் யாருகிட்டயும் சொல்லலையே!" அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அதே பாஸ்வேர்டை வைத்திருந்த இன்னொருவர் எந்தத் தளத்திலோ திருட்டுக் கொடுத்தாலே போதும்.

பாஸ்வேர்ட் கதை இவ்வளவுதான். இனி என்னைத் தூங்கவிடாத பக்கம்.

கணினிக்குள் நீங்கள் ஒரு பெயர் அல்ல, ஓர் எண். யூனிக்ஸ், லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு, பூஜ்யம் என்றால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட். கோப்பின் மேல் எழுதியிருப்பது அந்த எண்தான். 1047 என்ற எண்ணுக்குரியவர் வேலையை விட்டுப் போகிறார், கணக்கை நீக்குகிறார்கள், கோப்புகள் அப்படியே இருக்கின்றன. நான்கு மாதம் கழித்து வருகிற புதியவருக்கு, அது காலியாக இருக்கிறதே என்று கணினி 1047ஐக் கொடுத்தால், முதல் நாளே பழையவரின் கோப்புகளெல்லாம் அவருக்குச் சொந்தம். யாரும் கொடுக்கவில்லை, யாரும் திருடவில்லை. நிறுவனத்தின் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி கொடுப்பதில்லை, அதனால் இந்த ஆபத்து அங்கே இல்லை. ஆனால் அங்கே அதன் மறுபக்கம் உண்டு: தெரியாமல் அழித்துவிட்ட கணக்கை அதே பெயரில் புதிதாக உருவாக்கினாலும், எந்தக் கதவும் திறக்காது. கதவுகளுக்குத் தெரிந்தது பழைய எண். குப்பைக்கூடையிலிருந்து மீட்கத்தான் வேண்டும்.

மின்னஞ்சல் முகவரியையே அடையாளமாக வைக்கும் தளங்களில் இது இன்னும் மோசம். யாஹூ 2013இல், நீண்ட நாள் பயன்படுத்தாத முகவரிகளைப் புதியவர்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. கொடுத்தது. புதியவர்கள் சிலருக்குப் பழைய சொந்தக்காரருக்கு வர வேண்டிய கடிதங்கள் வரத் தொடங்கின. "இந்த முகவரி இந்தத் தேதியிலிருந்து இதே ஆளிடம் இருந்தால் மட்டும் கடிதத்தைச் சேர்" என்று சொல்ல ஒரு தனி மின்னஞ்சல் விதியையே யாஹூவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து எழுத வேண்டிவந்தது. பழைய முகவரியில் பதிந்து வைத்த கணக்குகள் உங்களுக்கும் இருக்கும், போய்ப் பாருங்கள்.

அதனால் எங்கள் இடத்தில் பயனர் பெயரையும் ஆளின் பெயரையும் பிரித்துவிட்டோம். பெயர் மாறும், ஒரே பெயரில் இருவர் வருவார்கள், சிலருக்கு ஒரே ஒரு பெயர்தான். கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தில் அவர்கள் ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி பணியாளர் பதிவுக்குப் போய், அங்கிருந்து மின்னஞ்சல் உருவாக்கும் நிரலுக்குப் போய், முகவரி புள்ளியில் முடியக்கூடாது என்ற விதியில் முட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாள் முழுக்க லாகின் இல்லாமல் உட்கார்ந்திருப்பார், யாருக்கும் காரணம் புரியாது.

சேருகிறவரைக்கூட விட்டுவிடலாம், தேவை அவருக்கே இருப்பதால் அவரே வந்து கத்துவார். துறை மாறுகிறவர் கத்த மாட்டார். கொள்முதலில் இருந்தவர் கணக்குப் பிரிவுக்குப் போகிறார். புது அதிகாரம் வேண்டும் என்று கேட்டு வாங்குவார். பழையது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு மாதம் பழைய வேலையையும் பார்க்கட்டும் என்று மேலாளர் சொல்வார், அந்த ஒரு மாதம் முடியவே முடியாது. கடைசியில் புது விற்பனையாளரைப் பதிவுசெய்கிற உரிமையும் அவருக்குப் பணம் கொடுக்க ஒப்புதல் தருகிற உரிமையும் ஒரே ஆளிடம் இருக்கும். அவர் யோக்கியர்தான். அவருடைய கணக்கைப் பிடித்தவன் யோக்கியனாக இருப்பானா?

அப்புறம், போகிறவர்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற பெரிய எரிபொருள் குழாய்வழி சில நாள் நின்றுபோனது. உள்ளே நுழைந்தவர்கள் பயன்படுத்தியது, வெளியிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் வர உதவும் ஒரு வி.பி.என். கணக்கு. அந்தக் கணக்கை அப்போது யாரும் பயன்படுத்திக்கொண்டிருக்கவில்லை, ஆனால் திறந்தே இருந்தது. அதன் பாஸ்வேர்ட் ஏற்கெனவே கசிந்த தொகுப்பு ஒன்றில் கிடந்தது. இரண்டாம் சோதனை கிடையாது. நுழைந்தவர்கள் மிரட்டிக் கேட்ட பணமாக நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். அந்தப் பாஸ்வேர்ட் பலமா பலவீனமா என்ற பேச்சே இங்கே அநாவசியம். அந்தக் கணக்கு அங்கே இருந்திருக்கவே கூடாது.

ஹெச்.ஆர். சொன்னால் மூடிவிடலாமே என்பீர்கள். சொல்வார்கள். ஆனால் ஹெச்.ஆர். பதிவில் ஒருவர் போவது அவருடைய நிலுவைக் கணக்கெல்லாம் முடிந்தபிறகு. அவர் நாற்காலியை விட்டு எழுந்து போய் மாதம் ஆகியிருக்கும். ஒப்பந்தப் பணியாளர்களோ அந்தப் பதிவிலேயே இல்லை. அவர்களை அழைத்துவந்த மேலாளருக்கு மட்டும்தான் அவர்கள் இருப்பது தெரியும், அவரும் மாறிப்போயிருப்பார். நாங்கள் கண்ட வழி எளிது: ஒப்பந்தக் கணக்கு எதையும் முடிவுத் தேதி இல்லாமல் திறப்பதில்லை. தேதி வந்தால் தானாக முடங்கும், வேண்டுமென்றால் மேலாளர் நீட்டிக்கச் சொல்லட்டும். திட்டு விழும். விழட்டும்.

ஆண்டுக்குச் சில முறை மேலாளர்களுக்கு ஒரு பட்டியல் அனுப்பி, உங்கள் ஆட்களின் அதிகாரங்களைச் சரிபாருங்கள் என்று கேட்பது வழக்கம். நாற்பது வரி, மேலே "அனைத்தையும் அங்கீகரி" என்று ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை யார் வடிவமைத்தார்களோ தெரியவில்லை, என் தொழிலில் இவ்வளவு கெடுதல் செய்த சாதனம் வேறில்லை. அதை எடுத்துவிட்டோம். இப்போது சந்தேகமுள்ள வரிகள் மட்டும் போகும்: இரண்டு மாதமாக லாகின் ஆகாதவை, துறை மாறியவர்களின் பழைய அதிகாரங்கள். பதில் வராவிட்டால் எடுத்துவிடுவோம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுகிறோம். முன்பு பதில் வாங்க நாங்கள் அலைந்தோம், இப்போது அவர்கள் எங்களைத் தேடுகிறார்கள்.

மூடினால்கூட உடனே மூடுவதில்லை என்பது இன்னொரு சங்கடம். எல்லாச் செயலிகளுக்கும் ஒரே லாகின் என்று கொண்டுவந்துவிட்டால் ஒரு சுவிட்சை அணைத்தால் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரிடம், இவரை விடலாம் என்று சொல்லும் ஒரு டோக்கன் இருக்கும், அது காலாவதியாகும்வரை பல செயலிகள் மறுபடி யாரையும் கேட்பதில்லை. எம்.ஐ.டி.யிலேயே 1980களில் பிறந்த கெர்பரோஸ் என்ற லாகின் முறையில் இதற்கு டிக்கெட் என்று பெயர், விண்டோஸ் டொமைனில் வழக்கமாகப் பத்து மணி நேரம் செல்லும். காலையில் லாகின் செய்தவரை மத்தியானம் நீக்கினால், சாயங்காலம் வரை சில சர்வர்கள் அவருக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருக்கும். கோபத்தோடு போகிறவர் என்றால் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்களையும் தனியாக வெட்ட வேண்டும், இதை ஹெச்.ஆர். முன்கூட்டியே எங்களிடம் சொல்ல வேண்டும்.

வரவேற்பு மேசையில் நான்கு பேர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டு, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைத்திருப்பதைப் பற்றி எல்லோரும் கேலி செய்வார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்ததில்லை. எதிரே வரிசை நிற்கிறது, ஆள் மாறும்போதெல்லாம் வெளியே வந்து உள்ளே போக நிமிடக் கணக்கில் ஆகிறது. அட்டையைத் தட்டினால் ஆள் மாறும்படி செய்துகொடுத்தோம், காகிதம் தானாகப் போய்விட்டது.

இவ்வளவு செய்தபின்பும் பக்கவாட்டில் ஒரு கதவு இருக்கிறது, ஹெல்ப்டெஸ்க். முன்பெல்லாம் ரகசியக் கேள்வி கேட்பார்கள், பிறந்த தேதி என்ன, துணையை எங்கே சந்தித்தீர்கள் என்று. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் ஒரு மாணவர் நுழைந்தது இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இணையத்திலேயே விடை தேடித்தான். இப்போது கேள்வி போய்விட்டது, குரல் மட்டும் வருகிறது. ஒருமுறை எங்கள் ஹெல்ப்டெஸ்க் பெண் என்னிடம் ஓடிவந்து, "அக்கா, டைரக்டர்னு சொல்றார், ஃபோன் தொலைஞ்சுபோச்சாம், மீட்டிங் இருக்காம், ரொம்பக் கோபமா இருக்கார்" என்றாள். பதிவிலிருக்கும் எண்ணுக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும், அது முடியாவிட்டால் அவருடைய மேலாளரோ செயலரோ முகம் காட்டிச் சொல்ல வேண்டும், இதில் பதவிக்கு விலக்கு இல்லை என்பது விதி. அவள் அப்படியே செய்தாள். அழைத்தவர் உண்மையான டைரக்டர்தான். மறுநாளும் கோபமாகத்தான் இருந்தார். அவளைப் பாராட்டி நான் எழுதிய கடிதத்தின் நகலை அவருக்கும் அனுப்பினேன்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஃபோனிலோ கணினியிலோ இருக்கும் சாவியைக் கொண்டே லாகின் செய்யும் பாஸ்கீ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் தேவையா என்று கேட்கிறார்கள். பாஸ்கீ எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2019இல் தரநிலையான வெப்ஆத்ன் என்ற ஏற்பாட்டின் மேல் நிற்கிறது. தளத்திடம் பொதுச் சாவி மட்டும் இருக்கும், ரகசியச் சாவி தளத்துக்குப் போகவே போகாது, அதனால் தளத்தில் திருடினாலும் பயனில்லை. அந்தச் சாவி குறிப்பிட்ட தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும், போலித் தளத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. ஃபிஷிங்குக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஃபோன் தொலைந்தால்? மறுபடி அதே ஹெல்ப்டெஸ்க், அதே கோபக்குரல். போனவருடைய கணக்கு திறந்து கிடந்தால், அவர் கையில் இப்போது பாஸ்வேர்டைவிடப் பலமான சாவி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது என் மேசையில் இருப்பது மனிதர்களே இல்லாத கணக்குகள். இரவில் பேக்கப் எடுப்பது, ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு நகர்த்துவது, ஸ்கேனரிலிருந்து மின்னஞ்சல் அனுப்புவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. உருவாக்கியவர் போய்விட்டார், பாஸ்வேர்ட் ஏதோ ஸ்கிரிப்டுக்குள் எழுதியிருக்கிறது, இரண்டாம் சோதனை வைக்க வழியில்லை, அதிகாரமோ தேவைக்கு மேல். எதற்கு என்று யாருக்கும் தெரியாததால் தொட எல்லோருக்கும் பயம். ஒவ்வொன்றுக்கும் உயிரோடிருக்கிற ஒரு மனிதரின் பெயரைச் சொந்தக்காரராகப் போட வேண்டும் என்று கேட்டேன். பாதிக்குமேல் பெயர் வந்தது. மற்றவற்றை ஒவ்வொன்றாக முடக்குகிறோம். அழிப்பதில்லை, முடக்குவது மட்டும், வேலை நாளில் காலை நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது. யாராவது கத்தினால் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாம், சொந்தக்காரரும் கிடைத்துவிடுவார். யாரும் கத்தாவிட்டாலும் ஒரு வருடம் வைத்திருக்கிறோம், ஏனென்றால் ஆண்டுக்கணக்கு முடிக்கும் இரவில் மட்டும் எழுந்து வேலை செய்கிற கணக்கு ஒன்று உண்டென்று எங்களுக்குத் தெரியவந்தது.

அடுத்த வாரம் முடக்க வேண்டியவற்றில் ஒன்றின் பெயர் "டெஸ்ட்". சொந்தக்காரர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை, குறிப்பு என்ற இடத்தில் "தற்காலிகம்" என்று இருக்கிறது. கடைசி லாகின் நேற்று மத்தியானம்.